சுவரில் மாட்டிய முகம்

மீசையை நன்றாகவே வரைந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, கறுப்பு மையில்.

பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஆளுயரச் சுவரொட்டி அது. ஒரு பெண்ணின் முகம். வாய் திறந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்துக்கு மேலே ‘குளிர்காலக் கண்காட்சி’ என்று பெரிய எழுத்து. கீழே ‘காத்திருப்பவள்’ என்று படத்தின் பெயர். அதற்கும் கீழே ஓவியனின் கையெழுத்து. அந்தப் பெண்ணுக்குத்தான் எவனோ மீசை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மூத்தவள் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துண்டை உருவி மையைத் துடைத்தாள். போகவில்லை. வாயால் ஊதி ஈரமாக்கித் தேய்த்தாள். மீசை பரவி, தாடியாகிவிடும் போலிருந்தது.

"விடுங்கம்மா," என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். "பசங்க வேலை. வெறும் போஸ்டர்தானே."

"போஸ்டர் இல்லைங்க. என் மூஞ்சி."

அவர் சுவரொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் சுவரொட்டியைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அவள் புருஷன் சரக்குக் கப்பலில், வருஷத்தில் பாதி நாள் கடலில். சின்னவன் ஓவியன். நகரத்து அருங்காட்சியகம் இந்தக் குளிர்காலத்துக்கு மூன்று கண்காட்சிகளை அறிவித்திருந்தது. ஒன்று பழைய மண்பாண்டங்கள், ஒன்று பறவைப் புகைப்படங்கள். மூன்றாவது சின்னவனின் ஓவியங்கள். வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் சின்னவன் சாதாரணமாகக் கேட்டான்: "அக்கா, உன்னையும் ஒரு படத்துல போட்டிருக்கேன். பரவாயில்லையா?"

மூத்தவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அழகா போட்டிருந்தா பரவாயில்லைடா," என்று சிரித்தாள். கடையில் குனிந்து உட்கார்ந்து கண்ணாடி வில்லை தேய்க்கிற தன்னை வரைந்திருப்பான் என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நேற்று மாலை, வேலை முடிந்து பேருந்தில் வரும்போதுதான் பாலத்துக்குப் பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்திலும் பார்த்தாள். அதற்கு அடுத்ததிலும்.

அது எந்த நாளின் முகம் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், டாக்டர் வெளியே வந்து, குழந்தை போய்விட்டது என்று சொன்ன நேரத்து முகம்.

அந்த முகத்தை அவளே பார்த்ததில்லை. இப்போது ஊரே பார்க்கிறது.

*

கடையில் அன்று காலை முதல் வாடிக்கையாளராக வந்தது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். புதுக் கண்ணாடி தயாராக இருந்தது. மூத்தவள் அதன் காதுப்பிடிகளைச் சூடுகாட்டி, மெல்ல வளைத்து, அவர் காதுக்குப் பொருத்தமாக மாட்டிவிட்டாள். மூக்கின் மேல் உட்காருகிற இடத்தை ஒரு தடவை சரிசெய்தாள்.

"இப்போ பாருங்கம்மா. தெளிவா இருக்கா?"

ஆசிரியை தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்தார். பிறகு மூத்தவளைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா... ஆமா, உன்னை எங்கேயோ... அட! பாலத்துக்கிட்ட இருக்கிற படம்! நீதானா அது?"

மூத்தவள் பழைய கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அடேயப்பா, என்ன உணர்ச்சி! அதைப் பார்த்துட்டு எனக்கே அழுகை வந்துடுச்சு, தெரியுமா?"

"அழுதுட்டு என்னம்மா பண்ணீங்க?"

ஆசிரியைக்குக் கேள்வி புரியவில்லை. "என்ன பண்றது? பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன்."

அவர் போன பிறகு மூத்தவள் கையிலிருந்த துடைக்கும் துணியை மேஜையில் வீசினாள். அது துணிதான், சத்தம் வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

உள்ளே கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தலையை நிமிர்த்தினார். "என்னம்மா?"

"அரை நாள் லீவு வேணும் சார். மியூசியம் வரைக்கும் போகணும்."

"நாளைக்குத்தானே திறக்கிறாங்க?"

"அதனாலதான் இன்னிக்குப் போறேன்."

முதலாளிக்குச் சுவரொட்டி விஷயம் தெரிந்திருந்தது. காலையிலிருந்து எப்படிப் பேச்செடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்த மனிதர். "போயிட்டு வா," என்றார். "நிதானமா பேசு. ஆனா விட்டுக்குடுக்காதே."

*

வழியில் அம்மாவைக் கைபேசியில் பிடித்தாள். நேற்று இரவு படத்தைப் பற்றிக் கேட்டபோது அம்மா பிடிகொடுக்கவில்லை. தலைவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள்.

"அம்மா, நான் மியூசியத்துக்குப் போறேன். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? நாளைக்குத் திறப்பு விழா. எவ்வளவு பெரிய மனுஷங்க வர்றாங்க! எத்தனை வருஷம் அவன் நாயா அலைஞ்சிருப்பான்!"

"அலையட்டும்மா. என் மூஞ்சியைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்."

"கூடப்பிறந்தவன்டி. ஊர் பூரா அவன் பேரைப் பேசுது. உனக்கு வயித்தெரிச்சலா?"

மூத்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுச் சுற்றிப் போனார்.

"அம்மா, அது என் குழந்தை செத்த நாள்மா."

அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, "தெரியும்டி. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா போனது போயிடுச்சு. இருக்கிறவனையாவது வாழ விடு," என்றாள்.

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். குளிரில் மூக்கு சிவந்து எரிந்தது. கண்ணும் எரிந்தது. அதற்குக் குளிர் காரணமில்லை.

அருங்காட்சியகத்தின் முன்கதவு மூடியிருந்தது. கட்டடத்தின் முகப்பில், கூரையிலிருந்து தரைவரைக்கும் ஒரு துணி தொங்கியது. அதிலும் அவள்தான். ஒரு பல் ஒரு ஜன்னல் அளவுக்கு இருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் முகம் உப்பி, வற்றி, உப்பியது.

பக்கவாட்டு வாசலில் காவலர் தடுத்தார். "இன்னிக்கு அனுமதி இல்ல மேடம். நாளைக்கு வா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளைப் பார்த்தார். நிமிர்ந்து துணியைப் பார்த்தார். கம்பிக்கதவைத் திறந்துவிட்டார்.

*

உள்ளே புதுச்சாயத்தின் வாசனை. மரப்பெட்டிகள் பாதி திறந்து கிடந்தன. ஏணி மேல் ஒருவர் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். நடுச்சுவரில் அந்தப் பெரிய படம். அசல். சுவரொட்டியில் தெரியாததெல்லாம் இதில் தெரிந்தது. உதட்டில் காய்ந்த வெடிப்பு. சட்டையில் பால் ஊறிய ஈரம்.

அந்த ஈரத்தைப் பார்த்ததும் மூத்தவளின் கை தானாக மார்பை மறைத்தது. அன்று யாரும் அதைப் பார்க்கவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"அக்கா!" சின்னவன் கைகளை விரித்துக்கொண்டு வந்தான். சாயம் பட்ட ஸ்வெட்டர், மூன்று நாள் தாடி, முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு வருவேன்னு நினைச்சேன். இன்னிக்கே வந்துட்டியே! எப்படி இருக்கு?"

"எடு."

"என்ன?"

"இந்தப் படத்தை எடு. வெளியே தொங்குற துணியை எடு. பஸ் ஸ்டாப்புல ஒட்டினதையெல்லாம் கிழி."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "அக்கா, நான் கேட்டேனே. நீதானே சரின்னே?"

"படத்துல போட்டிருக்கேன்னு சொன்னே. எதைப் போட்டிருக்கேன்னு சொன்னியா?"

"சொன்னா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஏணி மேல் இருந்தவர் விளக்கைத் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

கண்காட்சிப் பொறுப்பாளர் வேகமாக வந்தார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் அடையாள அட்டை, பழகிப்போன இதமான குரல். "வாங்க மேடம். உங்களைச் சந்திக்கணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன். உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இது இப்போ உங்க ஒருத்தரோட முகம் மட்டும் இல்ல. குழந்தையை இழந்த எல்லாத் தாயோட முகமும் இதுல இருக்கு."

"எல்லாத் தாய்கிட்டயும் கேட்டீங்களா?"

"மேடம்..."

"எல்லாரையும் விடுங்க. இங்கே நிக்குற ஒருத்திகிட்டயாவது கேட்டிருக்கலாமே. பஸ் ஸ்டாப்புல எனக்கு மீசை வரைஞ்சு வெச்சிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு? என் குழந்தைக்காக நான் அழுத வாய்க்கு மேலே மீசை!"

பொறுப்பாளரின் இதமான குரல் எங்கேயோ போய்விட்டது. சின்னவன் பக்கம் திரும்பினார். "முழு சம்மதம் வாங்கிட்டேன்னு சொன்னீங்களே? படத்தைக் காட்டினதாச் சொன்னீங்களே?"

சின்னவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அக்கா செய்துகொடுத்த கண்ணாடி. "காட்டலாம்னுதான் இருந்தேன்..."

"நான் இயக்குநர்கிட்ட பேசணும்," என்றார் பொறுப்பாளர். "மேடம், எடுக்கறது என் கையில மட்டும் இல்ல. ஆனா இப்பவே பேசறேன்." கைபேசியைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

அவர் போனதும் சின்னவன் கிட்டே வந்தான். "அக்கா, இது என் உயிரு. நான் வரைஞ்சதிலேயே உண்மையான படம் இதுதான். உன்னை அவமானப்படுத்த வரையல. குட்டி எனக்கும் குட்டிதான். எனக்கும் துக்கம் இருக்காதா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குட்டி என்று அவர்கள் கூப்பிட்ட அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்கவைத்தவன் அவன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவனைப் பார்க்காமலிருப்பதற்காகவே தடுப்புச் சுவரின் மறுபக்கம் நடந்தாள்.

அங்கே சின்னச் சின்னதாகப் பென்சில் கோட்டோவியங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பெரிய படத்துக்கு முன்னோட்டமாகப் போட்டவை.

முதலாவதில் ஒரு பெண் சுவரில் கையூன்றி நிற்கிறாள். அடுத்ததில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கால் செருப்பு கழன்று கிடக்கிறது. கோடுகள் அவசரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின. யோசித்து, ஞாபகப்படுத்தி, வீட்டில் உட்கார்ந்து போட்ட கோடுகளாகத் தெரியவில்லை.

மூன்றாவதில் அவள் காதில் கைபேசி இருந்தது.

மூத்தவள் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள்.

அன்று அவள் கைபேசியில் பேசியது ஒரே ஒருவரிடம்தான். புருஷன் நடுக்கடலில், தொடர்பே இல்லாத இடத்தில். அம்மா வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் கூப்பிட்டது தம்பியை. ‘எங்கடா இருக்கே? பயமா இருக்குடா, சீக்கிரம் வாடா’ என்றாள். ‘வந்துட்டே இருக்கேன்கா, வழி பூரா வண்டி நிக்குது’ என்றான்.

எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். அவள் மடியில் விழுந்து, ‘லேட்டாயிடுச்சேக்கா’ என்று கதறினான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். ‘நீ என்னடா பண்ணுவே’ என்று, குழந்தையைப் பறிகொடுத்தவள், அவனைத் தேற்றினாள்.

"இங்கே வா," என்றாள்.

சின்னவன் வந்தான். அவள் எந்தப் படத்தின் முன் நிற்கிறாள் என்று பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"இதை எங்கே உட்கார்ந்து வரைஞ்சே?"

"அக்கா..."

"எங்கே உட்கார்ந்துடா வரைஞ்சே?"

ஏணிக்காரர் சத்தமில்லாமல் இறங்கி வெளியே போய்விட்டார்.

"தாழ்வாரத்துக் கடைசியில," என்றான் சின்னவன். "அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்."

"நான் உன்கிட்ட போன்ல பேசிட்டு இருந்தேன்."

"ஆமா."

"என்னைப் பார்த்துட்டே பேசினே. வழி பூரா வண்டி நிக்குதுன்னு என்னைப் பார்த்துட்டே சொன்னே."

"என்னால உள்ள வர முடியலக்கா!" அவன் குரல் உடைந்தது. "கை நடுங்குச்சு. அப்படி நடுங்கி நான் பார்த்ததில்ல. பையில பென்சில் இருந்துச்சு. அதைப் பிடிச்சப்போதான் நடுக்கம் நின்னுச்சு. சத்தியமா சொல்றேன், படம் போடணும்னு நினைச்சுப் பிடிக்கல."

"எனக்கும் நடுங்குச்சுடா," என்றாள் மூத்தவள். "நான் எதைப் பிடிச்சேன்? சொல்லு. சுவத்தைப் பிடிச்சேன். நீதான் அழகா வரைஞ்சு வெச்சிருக்கியே!"

அவன் தலை குனிந்தான். அவளுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. சின்ன வயதில் அடித்திருக்கிறாள்; அடித்த பிறகு அவளே அழுவாள். இன்று அழுகை வரவில்லை. கோபம் ஒன்று மட்டும் வயிற்றிலிருந்து தலைவரைக்கும் நெட்டுக்குத்தாக நின்றது.

அவள் கையை நீட்டி, மூன்றாவது படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"மேடம், தயவுசெஞ்சு தொடாதீங்க!" பொறுப்பாளர் வாசலிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இது நான்தானே? என்னை நான் தொடுறேன்."

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். யாரும் வாங்க முயற்சி பண்ணவில்லை.

"என்ன சொன்னார் உங்க இயக்குநர்?"

"நாளைக்குக் காலையில கூடிப் பேசலாம்னு சொன்னார்," என்றார் பொறுப்பாளர். அவருக்கே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாருக்கும் அழைப்பு போயிடுச்சு, கடைசி நேரத்துல..."

"சரி. கூடிப் பேசட்டும். அதுல என்ன முடிவானாலும், நாளைக்குத் திறக்கும்போது நான் அந்தப் பெரிய படத்துக்குக் கீழே நிப்பேன். வர்றவங்க படத்தையும் பார்க்கட்டும், என்னையும் பார்க்கட்டும். என்ன உணர்ச்சின்னு யாராவது சொன்னா, அது எப்படி வரைஞ்சதுன்னு நானே விளக்கிச் சொல்றேன்."

"அக்கா, வேண்டாம்கா..."

"ஏன்? உண்மையான படம்னு சொன்னியே. உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு திறந்தது. அம்மா வந்தாள். சால்வையை அரைகுறையாகப் போர்த்தியிருந்தாள். கைபேசி அணைந்ததிலிருந்து நிலைகொள்ளாமல், கிடைத்த வண்டியைப் பிடித்து வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

முதலில் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகனை. பிறகு மகளின் கக்கத்தில் இருந்த சட்டத்தை. அதில் காதும் கைபேசியும் வெளியே தெரிந்தன.

அம்மா சின்னவன் மேல் பாய்ந்தாள். "இதை மட்டும் மாட்டாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனேடா! கேட்டியா? பாவி, கேட்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் மகள் கேட்டுக்கொண்டு நிற்பது அம்மாவுக்கு உறைத்தது.

மூத்தவள் மெதுவாகத் திரும்பினாள். "அப்போ உனக்குத் தெரியும்."

அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இவன் அங்கேயே இருந்தான்னு உனக்கு அன்னிக்கே தெரியும். மூணு வருஷமா என்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே."

"அம்மா, நீ பேசாதே," என்றான் சின்னவன் அவசரமாக. "நான் பயந்தாங்கொள்ளி, அதனாலதான் வரல. அவ்வளவுதான். அக்கா, தப்பு என்மேலதான், விட்டுடு."

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை, வேறு யாரையோ காப்பாற்றுகிறான் என்று அவளுக்குத் திடீரென்று புரிந்தது.

அம்மா பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அவன் உள்ளே ஓடத்தான்டி பார்த்தான்," என்றாள் தரையைப் பார்த்து. "கையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினது நான். காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானும் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

"ஏன்மா?"

அம்மா நிமிர்ந்து பொறுப்பாளரைப் பார்த்தாள். வாசலில் ஏணிக்காரரும் காவலரும் நிற்பதைப் பார்த்தாள். "வீட்டுக்கு வாடி. வெளியாளுங்க முன்னாடி வேண்டாம்."

மூத்தவள் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஊர் பூரா என் மூஞ்சி தொங்குதும்மா. எனக்கு இனிமே வெளியாள்னு யாரும் இல்ல. இங்கேயே சொல்லு."